ஸொகோட்டோவின் ஆசிரியை நானா அஸ்மாஉ

எங்கள் ஊரில் நானா என்றால் மூத்த சகோதரன். ஆகவே உயர்தர வகுப்பின் இஸ்லாமிய நாகரிகப் பாட ஒப்படைக்காக ஆபிரிக்க முஸ்லிம் அறிஞர்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது, நானா அஸ்மாஉ என்ற பெயரைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பெண்ணுக்கு எப்படி நானா என்று பெயர் வரும்? பக்கத்தில் இருந்த தோழியும் சேர்ந்து சிரித்தாள். பிறகுதான் விளங்கியது. வட நைஜீரியாவின் ஹவுஸா மொழியில் நானா என்பது மதிப்புக்குரிய பெண்மணியின் பெயருக்கு முன்னால் வைக்கும் மரியாதைச் சொல்.

நைஜீரியாவைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தவை இரண்டே விடயங்கள்தாம். ஒன்று உதைபந்தாட்டம், அது தம்பியின் உபயம். மற்றையது 2014 ஏப்ரலில் சிபோக் என்ற ஊரின் பாடசாலையிலிருந்து 276 மாணவிகள் கடத்தப்பட்ட செய்தி. வட நைஜீரியா என்றாலே பெண்பிள்ளைகள் படிக்க முடியாத இடம் என்று என் மனதில் பதிந்திருந்தது. சிபோக் இருப்பது நாட்டின் வடகிழக்கில். நான் சொல்லப்போகும் ஸொகோட்டோ வடமேற்கில். அங்கே இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிராமத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாக நடந்துபோய்ப் பாடம் கேட்டிருக்கிறார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தவர்தான் நானா அஸ்மாஉ.

அவர் 1793 ஆம் ஆண்டு, கோபிர் என்னும் ஹவுஸா அரசின் எல்லைக்குள் இருந்த தெகெல் என்ற சிற்றூரில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். கூடப் பிறந்த ஆண்பிள்ளைக்கு ஹஸன் என்று பெயர் வைத்தார்கள். அந்த நாட்டு வழக்கப்படி இரட்டையரில் மற்றப் பிள்ளைக்கு ஹுஸைனா என்று பெயர் வைத்திருக்க வேண்டும். ஆனால் தந்தை அஸ்மா என்று வைத்தார். ஹஸ்ரத் அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி) அவர்களின் கதை நமக்கெல்லாம் தெரியும். நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, உணவுப் பொதியைக் கட்டக் கயிறில்லாமல் தமது இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். தெகெலில் பிறந்த இந்த அஸ்மாவும் பதினொரு வருடங்களில் ஒரு ஹிஜ்ரத்தைக் கண்டார். தந்தை அதை முன்கூட்டியே உணர்ந்துதான் பெயர் வைத்தார் என்று அவ்வூர் மக்கள் பின்னர் சொல்லிக்கொண்டார்கள்.

தந்தையின் பெயர் உஸ்மான் தான் ஃபோதியோ. ஷெஹு என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். ஷெய்க் என்பதன் ஹவுஸா உச்சரிப்பு அது. தலைமுறை தலைமுறையாக ஓதிக்கொடுத்துவந்த புலானி ஆலிம் குடும்பம். இந்தக் குடும்பத்தில் என்னைக் கவர்ந்தது ஆண்களின் பட்டியல் அல்ல. ஷெஹு சிறுவயதில் ஓதியது தம் தந்தையிடம் மட்டுமல்ல, தாய் ஹவ்வாவிடமும் பாட்டி ருகையாவிடமும்தான். ஆகவே தம் மகள்களுக்கு ஓதிக்கொடுப்பதா இல்லையா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இரவு பகலாகக் கற்பித்துவிட்டுச் சொந்த மனைவியையும் மகளையும் அறியாமையில் விட்டுவைக்கும் ஆலிம்களை அவர் தம் நூல்களில் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். பெண்ணை வீட்டுச் சட்டிபானைபோல் பாவிக்கிறார்கள் என்ற பொருளில் அவர் எழுதியதை இன்றைய பயானில் யாரும் சொன்னால் சபையில் சிலர் நெளியக்கூடும்.

அஸ்மாஉவின் தாய் மைமூனா அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே மௌத்தாகிவிட்டார். தந்தையின் மற்ற மனைவியரே வளர்த்தார்கள். மரப்பலகையில் கரிமை தொட்டு எழுதி, மனப்பாடமானதும் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதும் முறையில்தான் அவரும் குர்ஆனைப் படித்தார். அல்லோ என்று அழைக்கப்படும் அந்தப் பலகை இன்றும் வட நைஜீரியாவின் குர்ஆன் மத்ரஸாக்களில் பிள்ளைகளின் கைகளில் இருக்கிறது. வீட்டில் பேசும் ஃபுல்ஃபுல்தே, கல்விக்குரிய அரபு, ஊரின் ஹவுஸா, பாலைவனத்துத் துவாரெக் மக்களின் தமாஷெக் என்று நான்கு மொழிகள் அவருக்கு வசமாகின. நாங்கள் மூன்று மொழிகளோடு படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1804 ஆம் ஆண்டு பெப்ரவரியில் கோபிர் மன்னருக்கும் ஷெஹுவுக்கும் இடையிலான பகை முற்றியது. தெகெலைக் காலிசெய்துவிட்டு, ஷெஹுவின் குடும்பமும் அவரைப் பின்பற்றிய மக்களும் குது என்ற இடத்துக்குப் புறப்பட்டார்கள். குழந்தைகளோடும் சமையல் பாத்திரங்களோடும் கிதாபுகளையும் எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் நான்கைந்து வருடங்கள் போர், பசி, இடம்பெயர்வு. நம் நாட்டில் இடம்பெயர்வு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. 1808 இல் கோபிரின் தலைநகர் அல்காலவா வீழ்ந்தது. மறுவருடம் அஸ்மாஉவின் சகோதரர் முஹம்மத் பெல்லோ, ஸொகோட்டோ என்ற புதிய நகரத்துக்கு அடித்தளம் இட்டார். அதுவே மேற்கு ஆபிரிக்காவின் மிகப் பெரிய அரசொன்றின் தலைநகராக வளர்ந்தது.

இதற்கிடையில் 1807 அளவில் அஸ்மாஉவுக்குத் திருமணம் நடந்தது. மணமகன் கிதாதோ, பெல்லோவின் உற்ற நண்பர். பிற்காலத்தில் பெல்லோ ஆட்சிக்கு வந்தபோது கிதாதோ அவருடைய வஸீர் ஆனார். நாட்டின் பிரதான அமைச்சர் வீட்டு மனைவி என்றதும் பட்டுத்துணியும் பஞ்சணையும் நினைவுக்கு வரும். அந்த வீடு அப்படிப்பட்டதல்ல. மண்சுவர்களால் சூழப்பட்ட பெரிய வளவு. உள்ளே பெண்களுக்குரிய முற்றங்கள். தினை மாவை உருண்டையாக்கி அவித்து, தயிரில் கரைத்துக் குடிக்கும் ஃபுரா என்ற உணவு அந்த ஊரில் அன்றும் இன்றும் உண்டு. புலானிப் பெண்கள் பாலையும் தயிரையும் சுரைக்குடுவைகளில் ஏந்திக்கொண்டு தெருவழியே விற்பதும் அப்படியே. பிள்ளைகள், விருந்தாளிகள், நோயாளிகள், வழக்குச் சொல்ல வந்தவர்கள் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டமுள்ள வீடு. அந்தச் சந்தடிக்குள்தான் சஹாராவைக் கடந்து ஒட்டக வணிகர்கள் கொண்டுவந்த காகிதத்தில் அவர் எழுதினார்.

1817 இல் ஷெஹு மௌத்தானார். அவர் விட்டுச்சென்ற எழுத்துகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் வேலையில் அஸ்மாஉவும் கணவரும் சேர்ந்து ஈடுபட்டார்கள். ஷெஹு ஃபுல்ஃபுல்தேயில் பாடியவற்றைச் சாதாரண மக்களின் ஹவுஸாவுக்கு மாற்றியவர் மகள்தான். வெறுமனே மாற்றவில்லை. தந்தையின் ஈரடிகள் ஒவ்வொன்றுக்கும் தாம் மூன்று அடிகளைச் சேர்த்து ஐந்தடிப் பாடலாக்கினார். தக்மீஸ் என்று அதற்குப் பெயர். நம் பள்ளிவாசல்களில் ஓதப்படும் வித்ரிய்யாவுக்கு ஸதகத்துல்லாஹ் அப்பா அவர்கள் செய்ததும் தக்மீஸ்தான். ஸொகோட்டோவும் காயல்பட்டினமும் ஒரே இலக்கணத்தில் பாட்டுக் கட்டியிருக்கின்றன என்பதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

அவர் வாழ்வின் பெரிய வேலை இனித்தான் வருகிறது.

போர் முடிந்த நாட்டில் கிராமங்கள் நிறையப் பெண்கள் இருந்தார்கள். பலர் பெயரளவில் முஸ்லிம்கள். பலர் தோற்றுப்போன பக்கத்தைச் சேர்ந்தவர்கள்; கணவனை இழந்தவர்கள், கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். வருத்தம் வந்தால், பிள்ளை இல்லையென்றால், மனம் பாரமானால் அவர்கள் போனது போரி என்னும் ஆவியாட்டச் சடங்குக்கு. கோபிர் நாட்டில் அந்தச் சடங்குக்குத் தலைமை தாங்கிய அரச குலப் பெண்ணை இன்னா என்பார்கள். அவருடைய அடையாளம் ஓலையால் பின்னிய, உப்பிய பெரிய தொப்பி. மல்ஃபா என்பது அதன் பெயர். அதைச் சுற்றி ஒரு சிவப்புத் துணிக்கச்சை.

வேறொருவர் என்றால் அந்தத் தொப்பியைத் தடைசெய்திருப்பார். அஸ்மாஉ அதைத் தமதாக்கிக்கொண்டார். ஒவ்வொரு பகுதியிலும் நற்பெயருள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவருக்குத் தம் கையால் மல்ஃபா தொப்பியும் சிவப்புக் கச்சையும் வழங்கினார். அந்தப் பெண்ணுக்கு ஜாஜி என்று பதவிப்பெயர். வணிகக் கூட்டத்தைப் பாலைவழியே வழிநடத்திச் செல்லும் தலைவனைக் குறிக்கும் சொல் அது. ஜாஜியின் பின்னால் நடந்துவரும் பெண்களின் கூட்டத்துக்கு யன் தாரு, அதாவது ஒன்றுசேர்ந்தவர்கள், என்று பெயர் வந்தது. தொப்பியைக் கண்டதும் வழியில் இருந்தவர்களுக்கு இது யாருடைய கூட்டம் என்று தெரிந்துவிடும். முன்பு ஆவிகளிடம் அழைத்துப்போன அதே அடையாளம் இப்போது ஓதும் இடத்துக்கு அழைத்துப்போயிற்று. இந்த ஒரு செயலில் இருக்கும் புத்திக்கூர்மையை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். யாரையும் அவமானப்படுத்தாமல் ஒரு பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது, வீட்டில் ஒரு சின்னப் பழக்கத்தை மாற்ற முயன்ற எவருக்கும் தெரியும்.

இதில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கைக்குழந்தைகளை வைத்திருக்கும் இளம் தாய்மார் நாட்கணக்கில் வீட்டை விட்டு வர முடியாது. ஆகவே கூட்டத்தில் நடந்து வந்தவர்கள் பெரும்பாலும் இன்னும் மணமாகாத சிறுமிகளும் பிள்ளைகளை வளர்த்து முடித்த வயதான பெண்களுமே. சிறுமியும் பாட்டியும் ஒன்றாக நடந்து வருவார்கள். தானியம், வெண்ணெய், தேன், துணி என்று இயன்றதைக் கொண்டுவந்து அஸ்மாஉவிடம் கொடுப்பார்கள். அவர் அதை ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பகிர்ந்துவிடுவார். பாடம் கேட்டு, துஆப் பெற்று, ஊருக்குத் திரும்பியதும் அந்தச் சிறுமியும் பாட்டியும் வீடு வீடாகப் போய், வர முடியாத தாய்மாருக்கு அதையே சொல்லிக்கொடுப்பார்கள். தாய் வரவில்லை என்பதற்காகப் பாடம் நிற்கவில்லை. அவள் மாவிடிக்கும் இடத்துக்கே தேடிப்போனது.

அவர்களில் பெரும்பாலானோருக்கு எழுதத் தெரியாது. பாடத்தை எப்படிக் கொண்டுபோவது? இங்கேதான் பாட்டு வருகிறது. அஸ்மாஉவின் பாட்டுகள் பல அழகுக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல, சுமந்து செல்வதற்காகக் கட்டப்பட்டவை. அடிதோறும் ஒரே ஓசையில் முடியும் இயைபு, தவறிய சொல்லை ஞாபகப்படுத்தும். வுழுச் செய்யும் முறை, தொழுகை, ஸகாத், மறுமை, நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை, ஷெஹுவின் பயணங்கள், போர்கள் எல்லாம் பாட்டாயின. குர்ஆனின் 114 சூராக்களின் பெயர்களையும் ஒரே பாட்டில் கோத்து அதையே துஆவாகவும் அமைத்தார். ஒரு பெண் அதை மனனம் செய்துவிட்டால் ஒவ்வொரு பெயரும் ஒரு கொளுக்கி மாதிரி. ஜாஜி திரும்பி வரும்போதெல்லாம் ஒவ்வொரு கொளுக்கியிலும் விளக்கத்தை மாட்டிக்கொண்டு போகலாம். அந்தப் பாட்டை அவர் ஃபுல்ஃபுல்தேயிலும் ஹவுஸாவிலும் அரபிலும் தனித்தனியாகப் பாடியிருக்கிறார். ஆலிம்களுக்கு ஒன்று, தம் இனத்தாருக்கு ஒன்று, ஊர்ப் பெண்களுக்கு ஒன்று. சகோதரர் பெல்லோ எழுதிய ஒரு நூலைத் தழுவி, இஸ்லாமிய வரலாற்றின் நல்லடியார்களான பெண்களின் பெயர்களையும் பாட்டாக்கினார். அந்த வரிசையின் முடிவில் தம் குடும்பத்துப் பெண்களையும் தம் நாட்டுப் பெண்களையும் சேர்த்துவிட்டார் என்பதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவருடைய இரங்கற்பாக்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அரசரும் அமைச்சரும் இறந்தால் பாடுவது எல்லா நாட்டிலும் வழக்கம். 1837 இல் பெல்லோ மௌத்தானபோதும், பின்னர் கணவர் கிதாதோ மௌத்தானபோதும் அவர் பாடினார். ஆனால் ஸஹாரத்து என்ற பெண்ணுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. அந்தப் பெண் செய்தவை எவை? நோயாளிகளைப் போய்ப் பார்த்தார். பிள்ளைப்பேற்றுக்கு உதவினார். மையித்தைக் குளிப்பாட்டினார். ஓதிக்கொடுத்தார். எந்த ஊரிலும் இப்படி ஒரு பெண் இருப்பார். கஷ்டம் வரும்போது மட்டும் அவர் வீட்டுக் கதவு தட்டப்படும். பெண்களை அழைத்துவந்த ஹவ்வா என்ற ஜாஜிக்கும் ஒரு பாட்டு. சிறுவயது முதல் தோழியாக இருந்த, பெல்லோவின் மனைவி ஆயிஷாவுக்குப் பாடியவற்றில் ஆசிரியை இல்லை, வஸீரின் மனைவி இல்லை. தனித்துப்போன ஒரு மனுஷி மட்டும் இருக்கிறார். துயரத்தை மறைத்துப் பொறுமையைப் போதிக்கும் பாட்டாக அதை அவர் ஆக்கவில்லை. அழுதிருக்கிறார்.

ஒரு விடயத்தை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. ஸொகோட்டோ அரசு அடிமைகளை வைத்திருந்த அரசு. மிகப் பெருந்தொகையான மக்கள் அங்கே அடிமைகளாக உழைத்தார்கள். அஸ்மாஉ வாழ்ந்த வீடும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருக்கவில்லை. கைதிகளாக வந்த பெண்களையும் அவர் தம் பாடத்துக்குள் சேர்த்துக்கொண்டார், அவர்களைச் சமூகத்தில் ஒட்டவைக்கப் பாடுபட்டார் என்பது உண்மை. அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பதும் உண்மை. ஒப்படையில் இந்தப் பகுதியைச் சேர்ப்பதா என்று ஆசிரியையிடம் கேட்டேன். சேர்க்கச் சொன்னார். இரண்டையும் எப்படி ஒரே மனதில் வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

1824 இல் கிளப்பர்ட்டன் என்ற ஸ்கொட்லாந்துப் பயணி ஸொகோட்டோவுக்கு வந்தார். அவரை உபசரித்தவர் வஸீர் கிதாதோ. கிளப்பர்ட்டனின் நூல் மூலமாகவே ஐரோப்பிய வாசகர்கள் அந்த நகரத்தையும் சுல்தான் பெல்லோவையும் அறிந்தார்கள். வஸீர் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணை அவர்கள் அறிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. முஸ்லிம் உலகம் அப்படி இருக்கவில்லை. மொரித்தானியாவிலிருந்து வந்த ஓர் ஆலிமை வரவேற்று அவர் அரபில் பாட்டு எழுதியிருக்கிறார். அறிஞருக்கு அறிஞர் எழுதும் தோரணையில்.

அஸ்மாஉ 1864 இல் மௌத்தானார். ஸொகோட்டோவில் தந்தையின் அடக்கத்தலத்துக்கு அருகிலேயே அவரும் அடங்கினார். யன் தாருவின் தலைமையை அவருடைய தங்கை மர்யம் ஏற்றுக்கொண்டார். பெண்கள் தொடர்ந்து நடந்து வந்தார்கள்.

1903 மார்ச்சில் பிரித்தானியப் படை ஸொகோட்டோவைக் கைப்பற்றியது. அதன் பின் நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதுவரை ஹவுஸா மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அஜமி என்று அந்த முறைக்குப் பெயர். ஹவுஸாவில் உள்ள, அரபில் இல்லாத ஒலிகளுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. அஸ்மாஉவின் ஹவுஸாப் பாட்டுகளும் ஃபுல்ஃபுல்தேப் பாட்டுகளும் இந்த எழுத்தில்தான் உள்ளன. புதிய ஆட்சியினர் ஹவுஸாவை ரோம எழுத்தில் எழுதக் கற்பித்தார்கள். அந்த எழுத்துக்கும் புதிய பாடசாலைக்கும் போகோ என்று பெயர் வந்தது. காலப்போக்கில் போகோ தெரிந்தவர் படித்தவர் ஆனார். அஜமி மட்டும் தெரிந்தவர், எத்தனை கிதாபு ஓதியிருந்தாலும், கணக்கெடுப்பில் எழுத்தறிவற்றவர் ஆனார்.

இதைப் படித்தபோது எனக்கு என் உம்மும்மாவின் ஞாபகம் வந்தது. அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் வீட்டு விபரம் திரட்ட ஒரு படிவம் வந்தது. கல்வித் தகைமை என்ற இடத்தில் உம்மும்மாவுக்கு நேரே, பாடசாலை சென்றதில்லை என்று என் கையாலேயே எழுதினேன். கையொப்பமிட வேண்டிய இடத்தில் அவர் பெருவிரலை வைத்தார். அதே உம்மும்மாவின் அலுமாரியில் அட்டை பிய்ந்த அரபுத்தமிழ் கிதாபுகள் இருக்கின்றன. கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் போன்றோர் எழுதியதும் அந்த எழுத்தில்தான். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுதும் முறை. அஜமி செய்ததும் இதேதான். சிறு வயதில் வீட்டுக்கு வந்து ஓதிக்கொடுத்த ஒரு பெண்ணிடம் அவர் அதைப் படித்தாராம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மாலையும் முனாஜாத்தும் வாசிப்பார். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் தாய்மொழி. அந்தக் கிதாபைத் திறந்தபோது எழுத்தும் தெரிந்த எழுத்து, மொழியும் தெரிந்த மொழி, ஆனால் ஒரு வரியைக்கூட ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் எழுத்தறிவற்றவள் யார் என்று படிவத்தில் கேட்டிருக்க வேண்டும்.

நைஜீரியாவின் நாணயத்தாள்களில் அஜமி இருந்தது. நோட்டின் பெறுமதி ஹவுஸாவில் அரபு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். சந்தையில் தயிரும் தானியமும் விற்கும், ஆங்கிலம் தெரியாத பெண் அதைப் பார்த்து மிச்சக்காசு கொடுப்பாள். 2007 இல் சிறிய நோட்டுகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அது அரபு மொழி, ஒரு மதத்தின் அடையாளம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அது ஹவுஸா மொழிதான், எழுத்து மட்டுமே அரபு என்று மற்றச் சாரார் சொன்னார்கள். அரபுத்தமிழ் கிதாபைக் கண்டு, இது அரபா தமிழா என்று என் தோழிகள் கேட்டதும் இப்படித்தான்.

அஸ்மாஉவின் பாட்டுகள் அழியவில்லை. ஸொகோட்டோவில் பெண்கல்விப் பணியில் இருந்த ஜீன் பொய்ட் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு, கிதாதோவின் வழித்தோன்றலான வஸீர் ஜுனைது குடும்பத்துக் கையெழுத்துப் பிரதிகளைக் காட்டினார். வஸீர் தாமே பெரிய ஆலிம், கவிஞர். 1989 இல் பொய்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 1997 இல் பெவர்லி மேக் என்ற அமெரிக்கப் பேராசிரியையோடு சேர்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட ஆக்கங்களை ஆங்கிலத்தில் தொகுத்தார். ஊர்ப் பெண்களோ தொகுப்புக்காகக் காத்திருக்கவில்லை. மனப்பாடமாக ஓதிக்கொண்டுதான் இருந்தார்கள். மல்ஃபா தொப்பியோடு பெண்கள் கூட்டம் ஸொகோட்டோவுக்கு வருவது இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

பாட்டோடு பெண்களின் எழுத்து நின்றுவிடவுமில்லை. கானோ நகரத்தின் இரண்டு பெண் கவிஞர்களின் பாட்டுகள் 1983 இல் நூலாக வந்தபோது அதற்கு, பெண்களின் கையில் எழுதுகோல் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்கள். 1980களின் பிற்பகுதி முதல் கானோச் சந்தைகளில் பெண்கள் ஹவுஸாவில் எழுதிய மலிவுவிலை நாவல்கள் குவிந்தன. கட்டாயத் திருமணம், பலதாரக் குடும்பத்துச் சண்டைகள், படிக்க ஆசைப்படும் பெண் ஆகியவையே அவற்றின் கதைகள். வீட்டுப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தார்கள். பெரியவர்கள் சிலர் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று ஏசினார்கள். அவற்றில் பலாரபா ரமத் யாகூபு எழுதிய ஒரு நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2012 இல் வெளியிட்டது எங்கோ உள்ள பதிப்பகமல்ல, நமக்குப் பக்கத்தில் சென்னையில் உள்ள ஒன்று. நூலகத்தில் தேடிப்பார்த்தேன்; இல்லை.

ஒப்படை முடிந்த அன்று பின்னேரம் உம்மும்மாவிடம் அஸ்மாஉவின் கதையைச் சொன்னேன். அவர் குசினி வாசலில் சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தொப்பிக் கதைக்குச் சிரித்தார். சூராக்களின் பெயர்ப் பாட்டைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கையை நிறுத்தாமலே, நபிமார்களின் பெயர்களை வரிசையாகக் கோத்த ஒரு பாட்டை மெல்லிய குரலில் ஓதத் தொடங்கினார். பதினெட்டு வருடங்களாக அந்த வீட்டில் இருக்கிறேன், ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை. எழுதிக்கொள்ளக் கொப்பி எடுக்க எழுந்தேன். இருந்து கேட்கும்படி கையால் காட்டினார். சுளகில் அரிசி முடியும் வரை ஓதினார்.